பழுப்புப் பட்டை

ஆட்டப் பலகையில் என் தெரு இருக்கிறது.
புறப்படும் கட்டத்துக்கு அடுத்த வீடு,
பழுப்புப் பட்டை போட்ட ஓல்டு கென்ட் ரோடு.
விலை அறுபது பவுண்டு. வாடகை இரண்டு.
லண்டன் பலகையில்
தேம்ஸுக்குத் தெற்கே இருப்பது இது ஒன்றுதான்.
மற்றதெல்லாம் அக்கரையில்,
பச்சையும் கருநீலமுமாய்.

இங்கே ஒரு லாண்டரியில் சட்டை தேய்க்கிறேன்.
ஐம்பத்து மூன்றாம் நம்பர் பஸ் போகும்போதெல்லாம்
ஹேங்கர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.

ஞாயிறு, கடை சாத்திய பிறகு,
டிரையரின் மிச்சச் சூட்டில் பலகைகளை விரிப்போம்.
மாடியில் இருக்கும் கிரான்யா டப்ளினைக் கொண்டுவருவாள்:
"பார் மெர்ல், நான் பிறந்த க்ரம்லினும் பழுப்புதான்."
சொலாஞ்ஜின் மடியில் பாரிஸ்.
அவள் முதல் சம்பளம் வாங்கிய பெல்வில்,
அதற்கும் அதே நிறம்.
ஊர் ஊராய் யாரோ
மலிவான தெரு எதுவென்று தீர்மானித்திருக்கிறார்கள்,
அங்கே குடியிருப்பவளைக் கேட்காமலே.

கேட்காதது அது மட்டுமா?
என் காய் எப்போதும் இஸ்திரிப் பெட்டி.
ஓட்டுப் போட்டு அதை நீக்கிவிட்டார்களாம்.
புதுப் பெட்டியில் அந்த இடத்தில் ஒரு பூனை.
கிரான்யா சிரித்துச் சிரித்து இருமினாள்.
நாளைக்கு நாற்பது சட்டை கிடக்கிறது,
பூனை வந்து தேய்க்குமா?

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது.
என் அறைக்கு மாதம் இருநூற்றெழுபது கூடுதல்.
மதியச் சாப்பாட்டு நேரத்தில்
ஏஜென்ட் ட்ரிஸ்டனின் மேசைமேல்
பழுப்பு அட்டையை வைத்தேன்.
"அச்சிலேயே இருக்கிறது. வாடகை இரண்டு."
அவன் சிரிக்கவில்லை. கையில் எடுத்துக் கடைசி வரி வரை படித்தான்.
"அது வெறும் மனைக்கு, மேடம்.
ஹோட்டல் எழும்பினால் இருநூற்றைம்பது."
அவனுக்குப் பின்னால் ஜன்னலில்,
டயர் கடை இருந்த இடத்தில்,
கிரேன் ஒன்று இருபதாவது மாடியைத் தூக்கிக்கொண்டிருந்தது.
அட்டையை அவனே திருப்பிப் பார்த்தான்.
பின்பக்கம் அடமானத் தொகை, முப்பது.
"நானும் கேம்பர்வெல்தான்," என்றான், எதற்கோ.
அது எந்தப் பலகையிலும் இல்லை.

அடுத்த ஞாயிறு பூனையைத் தொடவில்லை.
யாரோ சட்டையிலிருந்து உதிர்ந்த பொத்தான் ஒன்றைக்
காயாக வைத்தேன்.
"ஒரு வேடிக்கை சொல்லட்டுமா?" என்றாள் சொலாஞ்ஜ்.
"பகடை இரண்டு. ஒன்று விழவே விழாது.
முதல் உருட்டில் உன் தெருவுக்கு யாராலும் வரமுடியாது."

உண்மைதான்.
எல்லாரும் தாண்டித்தான் போகிறார்கள்.
பொத்தானை எடுத்து,
உருட்டாமலேயே,
அங்கே வைத்தேன்.
கிரான்யா பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
அவளும் டப்ளின் பலகையில்
தன் காயைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள்.