கையில் ஒன்று

போன வருஷத்து டைரி.
ஐஸ் கம்பெனி முதலாளி ஊருக்கெல்லாம் கொடுத்து மிஞ்சியது.
முதல் பக்கம் சொந்த விவரம் கேட்டது.
பெயர்: எமல்டா.
இரத்த வகை: தெரியாது.
காலணி அளவு: ஆறு.
அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்
என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.
மண்டபத்தில் எனக்கு மனப்பாடமான ஒரே நம்பர்
ஐஸ் லோடு வண்டிக்காரருடையது.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் சொன்னது இவ்வளவுதான்:
தலைவலி வருகிற நாளையும் நேரத்தையும் குறிச்சு வாங்க,
அடுத்த மாசம் பார்க்கலாம்.

தேதி சரி, கிழமை தப்பு.
அச்சடித்த செவ்வாயை அடித்துப் புதன் என்று எழுதி
அதன் கீழே
மதியம் மூன்று. வலது பொட்டு. கச்சான் காற்று.
பில் போடுகிற கைக்கு வேறென்ன வரும்?
கட்டி இத்தனை. பணம் இத்தனை. பாக்கி இத்தனை.

ஒன்பதாம் நாள் ஒரு வரி கூடிப்போனது:
குழம்பில் உப்பில்லை, யாரும் சொல்லவில்லை.
ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.
அடிக்கவும் மனசில்லை.
அன்று ராத்திரியிலிருந்து டைரியை
அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.

மாசம் முடிந்து எண்ணிப் பார்த்தேன்.
விசைப்படகு போகிற நாளில்
விடியுமுன்னே ஐஸ் அரைக்கிற மெஷின் அலறும்,
ஒருவர் சொல்வது ஒருவர் காதில் விழாது.
அந்த நாட்களில் வலியே இல்லை.
படகெல்லாம் வடகடலில் கட்டிக் கிடக்க
மெஷின் வாய்மூடிய நாட்களில்தான்
பொட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இத்தனை நாளும் அந்த இரைச்சலையல்லவா
திட்டிக்கொண்டிருந்தேன்.

சத்தமில்லாத ஒரு மத்தியானம்
நாற்காலியில் சும்மா இருந்து கேட்டேன்.
சிமெண்ட் தரையில் கொக்கி இழுபடுகிற ஓசை.
ஐஸ் கட்டியைக் கொக்கியில் மாட்டி
இடக்காலை லேசாக விந்தி இழுப்பாரே,
அந்த இழுவை.
எட்டிப் பார்த்தால் தரை காய்ந்து கிடக்கிறது.
அவர் போய் ஏழு மாசம்.

நம்புவேல் என்று எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடி எழுதி மறுபடி அடிக்க
தாள் கிழிந்தது, பின்னால் மறுநாளின் தேதியும் சேர்ந்து.
மறுநாள் அந்த ஓட்டையைச் சுற்றி எழுதினேன்,
பாரில் இடிக்காமல் வள்ளத்தை வளைத்துக் கொண்டுபோவது போல.
வளைத்து வளைத்து எங்கே போவது?

பத்துக் கட்டி குறைந்தது அன்றைக்கு.
சாவி அவரிடம்.
முதலாளி கத்தவில்லை, கணக்கு முடித்துக் கொடுத்தார்.
அவர் என்னைப் பார்த்து,
"நீங்க கணக்குல தப்ப மாட்டீங்க தாயி" என்றார்.
நாலாம் நாள்
பழைய தாளைப் புரட்டிக் கூட்டுகிறேன்:
எட்டும் ஏழும் பதினைந்து,
ஐந்து போட்டுக் கையில் ஒன்று.
அந்த ஒன்றைச் சேர்க்கவில்லை நான்.
சேர்த்தால் ஒரு கட்டியும் குறையவில்லை.

லெட்ஜரை மூடினேன்.
மெஷின் அலறிக்கொண்டிருந்தது, வசதியாக இருந்தது.

இதை எழுத நான்கு நாள் பக்கங்கள் ஆயின.
எழுதி முடித்ததும் பாரம் இறங்கிவிடும் என்பார்கள்.
எனக்கு இறங்கவில்லை.
எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

ஆஸ்பத்திரி நாள்.
மடியில் டைரி, பையில் சீட்டு.
கண்டக்டர் வந்து எங்கே என்றதற்கு
உச்சிப்புளி என்றது என் வாய்.
அங்கே தேங்காய் மண்டியில் மூட்டை தூக்குவதாகக் கேள்வி.
மனைவி எந்த வீட்டில், பிள்ளைகள் எத்தனை,
ஒன்றும் தெரியாது,
என்ன சொல்லி ஆரம்பிக்க என்பதும் தெரியாது.

குலுங்குகிற பஸ்ஸில் கோணலாக ஒரு வரி:
காலை ஒன்பது நாற்பது.
வலி இல்லை.
பயமாக இருக்கிறது.