பன்னிரண்டு புள்ளி ஏழு

அக்டோபர் கடைசி ஞாயிறு.
நாளை முதல் சாலையில் உப்பு கொட்டுவார்கள்.
சோற்றுக்கு நல்லதெல்லாம்
இரும்புக்கு ஆவதில்லை.

வில்யாந்திக்குத் தெற்கே
பழைய கூட்டுப்பண்ணையின் மாட்டுக்கொட்டகைக்கு
ரைவோவும் நானும் ஒரே காரில் போனோம்.
அதில் இருப்பதே இரண்டு இருக்கை.
வாங்கிய நாளில் அதைத்தான் அழகு என்றோம்.

பசுக்கள் போய் முப்பது வருடம்.
சுவரில் அவற்றின் எண்கள் மட்டும்
நீலப் பெயின்டில் நிற்கின்றன.
எங்களுக்கு நூற்றுப் பதினேழு.
இடப்பக்கம் கவிழ்த்த படகு,
வலப்பக்கம் சக்கரம் கழற்றிய ஐஸ்கிரீம் வண்டி.

மாதம் நாற்பது யூரோ என்றான் ஐனார்,
ஏப்ரல் வரைக்கும் முன்பணம்.
ரசீது யார் பெயரில்?
ரைவோ என்னைப் பார்த்தான்.
நான் படகைப் பார்த்தேன்.

குளிரில் விற்றால் பாதி விலைதான் வரும்,
வசந்தத்தில் விற்றுப் பங்கிடுங்கள்:
எங்கள் இரண்டு வக்கீல்களும்
ஒத்துப்போன ஒரே விஷயம்.

கழுவினோம், துடைத்தோம், மெழுகு பூசினோம்.
அந்தச் சிவப்பில்
இரண்டு முகங்களும் கோணலாய்த் தெரிந்தன.
டாங்கியை விளிம்புவரை நிரப்பியிருந்தான்;
காலியிடம் விட்டால் ஈரம் குடியேறிவிடுமாம்.
சக்கரங்களில் காற்று கொஞ்சம் கூடுதலாக.
பழக்கத்தில் நான் கைப்பிரேக்கை இழுத்தேன்.
"வேண்டாம்" என்றான்.
"இறுக்கிப் பிடித்தபடியே ஆறு மாதம் நின்றால்
பிறகு விடவே விடாது."
சொல்லிவிட்டு
கட்டை தேடும் சாக்கில் வெளியே போனான்.

எலி நுழையாதிருக்கப் புகைக்குழாயில் கம்பிப்பஞ்சு.
மறந்துவிடாதிருக்க ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டு,
அவன் கையெழுத்தில்:
முதலில் பஞ்சை எடு.
யார் எடுக்க வேண்டும் என்று எழுதவில்லை.

சாவி அவன் சட்டைப்பையில் போனது.
பேட்டரியை நான் தூக்கிக்கொண்டேன்.
திட்டம் எதுவும் இல்லை,
அந்த நேரத்தில் என் கைகள்தான் சும்மா இருந்தன.

தார்த்துவில், நான்காம் மாடியில்,
வெங்காயப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே
பதினேழு கிலோ
ஒரு பச்சை விளக்கோடு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தது.
இரவில் தண்ணீர் குடிக்க வந்தால்
வேறு விளக்கு போட வேண்டியதில்லை.

ஜனவரியில் இருபத்தாறு பாகை உறைகுளிர்.
அன்றைக்குத்தான் ரைவோவின் முதல் செய்தி:
எப்படி இருக்கிறது?

எது என்று கேட்டிருக்கலாம்.
மீட்டரை வைத்துப் பார்த்து எழுதினேன்:
பன்னிரண்டு புள்ளி ஏழு.
நல்லது, என்றான்.

அதன்பின் ஒவ்வொரு வியாழனும்.
பன்னிரண்டு புள்ளி ஏழு.
நல்லது.
பன்னிரண்டு புள்ளி ஆறு.
கொஞ்சம் கவனி.
காய்ச்சலில் கிடந்த வாரம் நான் எழுதவில்லை;
அவன் அழைத்தான், பேட்டரியைப் பற்றிக் கேட்டான்,
என் இருமலை முழுதாகக் கேட்டுவிட்டு வைத்தான்.

ஏப்ரலில் மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோனேன்.
அருகில் இருந்தவர் கேக்கா என்று கேட்டார்.

உறையை விலக்கினால்,
அத்தனை பஞ்சையும் மீறி ஓர் எலி
என் இருக்கையில் குடும்பம் நடத்தியிருந்தது,
ஐனாரின் ரசீதைக் கிழித்துப் படுக்கை போட்டு.
பெயர் இருந்த பக்கம் கிடைக்கவில்லை.

சிவப்புக் கம்பி முதலில், பிறகு கறுப்பு.
ரைவோ சீட்டை உரக்கப் படித்தான்.
பஞ்சை நான் எடுத்தேன்.
மூன்றாம் தடவை உறுமியதும்
கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமும் கிளம்பின.
நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம்,
அது எங்களுக்கே தெரியுமுன்.

பார்னுவிலிருந்து வாங்குகிறவர்
சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார்.
உள்ளே உட்கார்ந்ததும்
கைப்பிரேக்கைத் தட்டிப் பார்த்து,
"லேசாக இருக்கிறதே" என்றார்.

திரும்பும் பேருந்தில் மடி என்னவோ போலிருந்தது.

சமையலறையில் சுவரோரம்
தூசி படியாத ஒரு நீள்சதுரம்.
வெங்காயப் பெட்டியைக் கொஞ்சம்
இந்தப் பக்கம் நகர்த்தினேன்.
அது புதன்கிழமை.