அறுபது கிரேட்

முப்பத்தேழு திரை வரைந்து வைத்திருந்தோம்.
வரைபடம், வரவேற்பு, மூன்று மொழி,
மறந்த கடவுச்சொல்லுக்கு ஒரு தனிக் கதவு.
ராயக்கோட்டையில் பஞ்சர் கடை மாடி,
வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு,
கரண்டுக்குத் தனி.

தில்ஷாத் சிவப்புப் பேனா எடுத்தாள்.
இது எதற்கு, இது யாருக்கு என்று
கேட்டுக் கேட்டு அடித்தாள்.
வரவேற்பு போனது. மூன்று மொழியும் போனது.
பத்து ராத்திரி விழித்து
ஒரு தக்காளியை நான் உருளவிட்ட பக்கம் வந்தபோது
ஒரு நொடி தயங்கினாள்,
எனக்காக.
பிறகு அடித்தாள்.

மிஞ்சியது
ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட்,
ஒரு போன் நம்பர்,
திம்மராயப்பன் மண்டியில் இரவல் கேட்ட
அறுபது நீலக் கிரேட்.

ஒன்றிலிருந்து அறுபது வரை எண் போட்டோம்.
ஆறைக் கவிழ்த்தால் ஒன்பது என்பது
இரண்டாம் நாள்தான் உறைத்தது.
அடியில் ஒரு கோடு இழுத்தோம்.
எங்கள் முதல் பிழையைப்
பிரஷ்ஷால் திருத்தினோம்.

கிரேட் கை மாறினால்
எண்ணையும் பெயரையும் வாட்ஸப்பில் போடுங்கள்,
சிஸ்டம் பதில் சொல்லும் என்றோம்.
சிஸ்டம் என்பது தில்ஷாத்.
விடிகாலை மூன்றரைக்குப் போர்வைக்குள்
ஒற்றைக் கண்ணைத் திறந்து
"பதிவாகிவிட்டது, நன்றி" என்று தட்டுவாள்.
"உங்க மிசினு தூங்கவே தூங்காதா?" என்று
லாரி ஓட்டும் கெம்பராஜ் ஒருநாள் கேட்டார்.
மிசினுக்கு அன்று காய்ச்சல்.
நான் தட்டினேன், எழுத்துப் பிழையோடு.
மிசின் ரிப்பேரா என்று நாலு பேர் விசாரித்தார்கள்.

ஒன்பதாம் நாள் நாற்பத்தொன்று திரும்பியிருந்தது.
இருபத்திரண்டில் பாலக்கோட்டில் கோழி அடை காத்தது.
ஐம்பத்து மூன்றைக் கவிழ்த்துப் போட்டு
சூளகிரி டீக்கடையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.
எழுந்து தரச் சொன்னோம்.
டீ முடியட்டும் என்றார்.
பதினேழு கோயம்பேடு வரை போனது தெரியும்.
அப்புறம் தெரியாது.

எந்தக் கிரேட் எங்கே என்று
மண்டிக்காரரிடம் ஆசையாகக் காட்டினோம்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"எங்க இருந்தா எனக்கென்ன?
யாரு தரணும், அதைச் சொல்லும்மா."

அன்றிரவு வரைபடத்தையும் அடித்தோம்.
பெயர், எண், பாக்கி.
மூன்று பத்தி. அவ்வளவுதான் எங்கள் பொருள்.
மறுநாள் சட்டைப்பையிலிருந்து
இருநூறு ரூபாய் எடுத்துத் தந்தார்,
ஒரு நோட்டில் வெற்றிலைக் கறை.
அதைச் சட்டம் போட்டு மாட்டினோம் என்று சொல்ல ஆசை.
அன்றே ரீசார்ஜுக்குப் போனது.

ஆவணியில் விலை விழுந்தது.
கிலோ மூன்று ரூபாய்,
பறிகூலிக்கே கட்டாது.
ரோட்டோரம் சிவப்பாய்க் கொட்டிவிட்டுப் போனார்கள்,
இரண்டு நாளில் மாடுகளும் முகம் திருப்பின.
அந்த வாரம் கிரேட்டெல்லாம் வந்து சேர்ந்தது,
கேட்காமலே. சிலது கழுவிக்கூட.
கோழி இருந்தது வந்தது, ஒரு இறகோடு.
முன்பின் தெரியாத லாரியில்
பதினேழும் வந்து இறங்கியது.
அறுபதுக்கு அறுபது.

ஓசூரில் வெள்ளிக்கிழமை முதலீட்டாளர்கள் வருகிறார்கள்.
எங்கள் கோடு ஏறி ஏறி
உச்சியில் போய் நிற்கிறது.
இதைவிட அழகான கோடு இனி அமையாது.
காட்டலாமா என்றேன்.
தில்ஷாத் பேசவில்லை.
கீழே பஞ்சர் கடையில்
டியூபைத் தண்ணீரில் அமுக்கி
குமிழ் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நெடுநேரம் கழித்து
பாக்கிக்குப் பக்கத்தில் நாலாவது பத்தி திறந்தாள்.
தலைப்பில் "அன்றைய விலை" என்று தட்டிவிட்டு
மண்டிச் சீட்டுகளை எடுத்து வா என்றாள்,
முதல் நாளிலிருந்து.