படி திரும்பும் இடம்

முடிச்சூரில் ஏரிக்கு இந்தப் பக்கம்
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வீடுகள்.
வரைபடம் என்னுடையது.
ஒன்றியம் இவ்வளவு, மாநிலம் இவ்வளவு,
மீதி பயனாளி பங்கு என்று
சமுதாயக் கூடத்தில் வாசித்தேன்.
மின்விசிறிக்குப் பறந்த தாளை
நாலு தண்ணீர் பாட்டில்கள் பிடித்திருந்தன.

மீன் விற்றுவிட்டு நேரே வந்த டெல்பின் மேரி
தவணை பற்றிக் கேட்கவில்லை.
படிக்கட்டின்மேல் விரல் வைத்தார்.
ஒரு செதில் ஒட்டிக்கொண்டது.
"இங்க பொட்டி திரும்புமா?"

பீரோவா என்றேன்.

"செத்தா எறக்குற பொட்டி, சார்.
எங்க அக்காவ மூணாம் மாடியிலேருந்து
நிமித்திதான் எறக்குனாங்க.
நின்னுக்கிட்டே போனா."

அன்றிரவு படி திரும்பும் மேடையை
ஒன்பது அங்குலம் அகட்டினேன்.
எட்டு பிளாக், ஐந்து மாடி.
வீட்டுக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஏறியது.

கணக்குப் பிரிவு
சிவப்பு மையில் காரணம் கேட்டிருக்கிறது.
'புழக்க வசதி' என்று எழுதி அடித்தேன்.
'தீத் தடுப்பு' என்றால் உடனே கையெழுத்தாகும்,
தெரியும்.

செதில் இன்னும் தாளில்
காய்ந்து மினுங்குகிறது.
அளவுகோல் வைத்துப் பார்த்தேன்.
ஒன்றுக்கு நூறு கணக்கில்
ஓர் ஆள் படுக்கும் அகலம்.