ஒரு புதினமும் இல்லை

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு.
எட்மன்டனில் மைனஸ் இருபத்தேழு.
வெளியே கார்கள்
மூக்கணாங்கயிறு போட்ட மாடுகளாய்
வயரில் கட்டுண்டு நிற்கின்றன.

நிலக்கீழ் அறையில், மூன்றாம் நம்பர் ட்ரையரில்
யாரோ பதினாலு நிமிடத்தை விட்டுப் போயிருக்கிறார்கள்.
கதவைத் திறந்தால்
அப்படியே நின்று காத்திருக்கும் பழைய ரகம்.
சிவப்பு வெளிச்சத்தில் பதினாலு.
உள்ளே இன்னும் சூடு,
அந்தச் சூட்டுக்குள் ஒற்றைக் காலுறை,
பச்சை,
மூன்று வயதைத் தாண்டாத பாதம்.

யாருடைய அவசரமோ.
காலுறையை மேசையில்
எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தேன்.
நிமிடங்களை எடுத்துக்கொண்டேன்.

சின்னக் களவொன்று செய்த உற்சாகத்தில்
பிளாஸ்டிக் கதிரையில் சாய்ந்திருக்க
லண்டனிலிருந்து அக்கா.
"என்ன புதினம்?"

சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன்.
வாடகை நாற்பது டொலர் கூடினது.
வலது முழங்கால்.
வேலையிடத்தில் புதிதாய் வந்த மேற்பார்வையாளன்
மதிவதனியை மூன்றாய் உடைத்து
நடுத்துண்டால் மட்டும் என்னைக் கூப்பிடுவது,
அதற்கு நான் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டது.
எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன.

"ஒரு புதினமும் இல்லையக்கா.
உடுப்புக் காயப்போட்டிருக்கிறன்."

"இஞ்சையும் ஒண்டுமில்லை" என்றாள்.
பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.
வைக்கவும் இல்லை.
"அதென்ன டக் டக்கெண்டு?"
"இவற்ற ஜக்கெற் சிப்."
"ஓ."
அவள் பக்கத்தில் குக்கர் ஒருதரம் கூவியது.

முந்தி
இரவு இரண்டு மணிக்கு ஃபோன் அடித்தால்
இவர் எழும்பி லைட்டைப் போடுவார்.
எடுக்கமாட்டார். நான்தான் எடுக்கவேண்டும்.
அங்கிருந்து முதலில் ஊரைச் சொல்வார்கள்,
பிறகு பேரை.
சில நாள் இரண்டு மூன்று பேர்.
அந்த வருடங்களில்
புதினம் என்ற சொல்லுக்கு
வேறு அர்த்தம் இருந்ததாய் ஞாபகமில்லை.
விடிந்ததும் பஸ் பிடித்து
ஆரோ ஒரு கிழவருக்குக் கஞ்சி பருக்கப் போவேன்.

எத்தனை தரம் தோய்த்தோம் அந்தச் சொல்லை.
கறை போகவில்லை.
ஆனால் துணி மெலிந்து
இப்போது போட்டுக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

"சரி, வைக்கிறன், சோறு வெந்திட்டுது" என்று அக்கா வைத்தாள்.
இருபத்தொரு நிமிடம் பேசியதாய்க் காட்டியது.
என்னத்தைப் பேசினோம்?

பதினாலும் முடிந்திருந்தது.
துவாய்களின் விளிம்பில் ஈரம்.
நான் என் பங்குக்குக் குற்றிகள் போட்டேன்.

பாண் பேக்டரி இரவு வேலை முடிந்து
இவர் நேரே கீழே இறங்கி வந்தார்.
காதுமடல் சிவந்து,
மீசையில் மாவா பனியா தெரியவில்லை.
"சாப்பிட்டனீரோ?"
"இல்லை, நீங்கள்?"
"இல்லை."
இதைக்கூட எழுதிவைக்கலாம் என்று தோன்றியது,
ஏனென்று தெரியவில்லை.

நாலு மூலையும் இலாஸ்டிக் வைத்த படுக்கை விரிப்பை
ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.
இருபத்திரண்டு வருடமாய்
இரண்டு பேருக்கும் இதை மடிக்கத் தெரியாது.
மூலைக்குள் மூலையைச் செருகு என்பார்,
செருகினால் நடு வீங்கும்.
நடுவை அமத்தினால் அவர் பக்கம் நழுவும்.
கடைசியில் வழக்கம்போல
பூசணிக்காயாய் உருட்டி
கூடையின் அடியில் ஒளித்தோம்.
சிரித்ததில் அவருக்குப் புரையேறியது.

சூடான துவாய்களை
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.
வயிறுவரை வெதுவெதுப்பு இறங்கியது.
கடவுளை நினைத்தேன் என்று சொன்னால் பொய்.
துவாயைத்தான் நினைத்தேன்.

"இஞ்ச பாரும், இன்னும் ஆறு நிமிசம் கிடக்கு"
என்று இவர் ட்ரையரைக் காட்டினார்.
"காசு குடுத்தது. ஜக்கெற்றை இன்னொருக்கா ஓடவிடுவமோ?"

பச்சைக் காலுறை மேசையிலேயே இருந்தது.

"கிடக்கட்டும், வாங்கோ.
மேலே
தேத்தண்ணி போட்டு வைச்சனான்,
ஆறப்போகுது."