நோயாளி நடை

கன்னியப்பன் காட்டிய முதல் வீடு சத்துவாச்சாரி.
கிழக்கு வாசல், நாலு மீட்டர்,
"கண்ண மூடிக்கினு வாங்கலாம் மேடம்."
கண்ணைத் திறந்து மோட்டாரைப் போடச் சொன்னேன்.
ஒரு நிமிஷம் தண்ணீர்,
அப்புறம் குழாயில் வெறும் காற்று.
சித்திரையில் வீடு பார்ப்பது இதற்காகத்தான்.
மார்கழியில் வேலூரில் எல்லா வீடும் நல்ல வீடு.

இரண்டாவது காட்பாடியில்.
காலேஜ் பையன்களுக்கு விடலாம்,
அறைக்கு நாலு கட்டில், கட்டிலுக்கு ஐயாயிரம்.
பத்திரத்தில் வாரிசு ஏழு பேர், கையெழுத்து ஆறு.
ஏழாவது ஆள் ஓசூரில் என்கிறார் ஒருவர்,
செத்துப்போனார் என்கிறார் இன்னொருவர்.
வில்லங்கம் போட்டால் சுத்தமாக வருகிறது.
அந்தச் சுத்தம்தான் எனக்குப் பயம்.

மூன்றாவது
தோட்டப்பாளையத்தில், ஆட்டோ நுழையாத சந்து.
சுவரெல்லாம் கடுகெண்ணெய்ப் பிசுக்கு.
வாசலில் வங்காளத்தில் ஒரு அட்டை,
அதற்குக் கீழே தப்புத் தப்பான இந்தி.
வாடகை நாள் கணக்கு. சிலிண்டர் தனி.

ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம்?
"அஞ்சே நிமிஷம்."
புரோக்கர் ஊரில் எல்லாமே அஞ்சு நிமிஷம்.

வாட்சைப் பார்த்து நடந்தேன்.
என் நடையில் அல்ல,
ஆபரேஷன் முடிந்த பதினோராம் நாள்
செல்வின் நடந்த நடையில்:
ஒரு கையில் டியூப் பை, ஒரு கை சுவரில்,
மூச்சு வாங்கும்போது
போஸ்டர் படிப்பதுபோல் நின்று.
பதினாலு நிமிஷம்.
உட்கார இரண்டு இடம்,
டீக்கடை பெஞ்சும் மருந்துக்கடைப் படியும்.
கன்னியப்பன் எதுவும் கேட்காமல்
என் வேகத்துக்குப் பின்னால் வந்தான்.

ஏன் விற்கிறீர்கள் என்றேன் முனிரத்தினத்திடம்.
"தெனம் யாரோ ஒருத்தர் அழுவுறாங்கம்மா.
ராத்திரி பூரா கேக்குது.
பாஷை புரியாதது ஒண்ணுதான் நிம்மதி."
ஒன்றரை லட்சம் குறைத்துக் கேட்டேன்.
உடனே சரி என்றார்.
இன்னும் கேட்டிருக்கலாம்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மாடியேறினேன்.
மூன்றாவது அறையில் ஒருத்தி
அரிசி களைந்துகொண்டிருந்தாள்.
உள்ளே கட்டிலில் இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது.
கை ஈரத்தைப் புடவையில் துடைத்து
விரல்களைத் தேய்த்துக் காட்டினாள்:
பணம்? ஏறுமா?

படியில் ஒரு கைப்பிடி போட வேண்டும் என்றேன்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
தலையாட்டினாள்.

பைப் அடி என்ன விலை,
வெல்டிங் கூலி எவ்வளவு,
ஆறு அறைக்குப் பிரித்தால்
நாளைக்கு எத்தனை ரூபாய் ஏற்றலாம் என்று
இறங்கும்போதே கணக்குப் போட்டேன்,
சுவரைப் பிடித்துக்கொண்டு.