ஈரக் கழிவு

மழைநாளில் வரும் பச்சைத் தேயிலைக்கு
நூற்றுக்குப் பத்து கழித்து எழுதுவேன்.
இலை எவ்வளவு, இலையில் ஒட்டிய தண்ணீர் எவ்வளவு
எந்தத் தராசும் பிரித்துச் சொல்லாது.
பதினோரு வருடமாகக் கட்டபெட்டு ஃபாக்டரியில்
கை பழகிப்போய்ச் சொல்கிறது.
சண்டைக்கு வருவார்கள்.
வானத்தைக் கேள் என்பேன்.

குன்னூரில் அந்த டாக்டரம்மா
சீட்டின் பின்பக்கம் கோடு கிழித்தாள்:
மாத்திரை சாப்பிட்ட பத்துப் பிள்ளைகளில்
ஆறு பேர் தேறுகிறார்கள்.
மருந்தே இல்லாத மாத்திரை சாப்பிட்ட பத்தில்
நாலு பேர்.
ஒளிக்கவில்லை. அதனாலேயே நம்பினேன்.
ரூபன் ஜன்னல் வழியே
டாக்சி ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல் நாலு வாரம் கண்ணை எடுக்காதீங்க.
மனசு தெளியறதுக்கு முன்னாடி
கைகாலுக்குத் தெம்பு வந்துடும் சிலருக்கு.
அந்த இடைவெளிதான்."
அதற்குமேல் அவள் சொல்லவில்லை.
எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிய
தோட்டத்து மருந்துக் கொட்டகைச் சாவியை
அன்றே சூப்பர்வைசரிடம் கொடுத்தேன்.
ஏன் என்றார். முதுகுவலி என்றேன்.

பத்து மில்லிகிராம்.
அரைக் கிலோவுக்குக் கீழே அசையாத என் தராசுக்கு
அது ஒன்றுமே இல்லை.

மூன்றாம் நாள் குமட்டல்.
ஐந்தாம் நாள் ராத்திரி முழுக்க நடந்தான்
கட்டிலுக்கும் கதவுக்கும்.
அடுப்படியில் உட்கார்ந்தே இருந்தேன்.
பிறகு கேட்டேன், அவள் கேட்கச் சொன்னதை,
சுற்றி வளைக்காமல்:
செத்துப்போகணும்னு தோணுதா?
கேட்டால் தோன்றிவிடும் என்றுதான்
அத்தனை மாதம் கேட்காதிருந்தேன்.
"முன்ன தோணிச்சு. இப்ப காலுதான் பரபரங்குது."
விடியுமுன்னே டாக்டருக்கு போன் போட்டேன்.

மூளை மழுங்கிடும், நிறுத்து என்றான் என் தம்பி.
முடி இறக்கச் சொன்னாள் கடைசி வீட்டுச் செபமணி.
நிறுத்தவில்லை. முடியும் இறக்கினோம்.
வியாழன்தோறும் பஸ் ஏற்றிவிட்டேன்,
ஒரு மணி நேரம் பேசிவிட்டு வரட்டும் என்று.
என்ன பேசினான் என்று கேட்டதில்லை.

முப்பத்தொன்றாம் நாள் மழை விட்டிருந்தது.
"டீயில சக்கரைய அள்ளிக் கொட்டியிருக்க"
எரிந்து விழுந்தான்.
நாலு மாதத்தில்
நாக்கில் எதுவோ பட்டிருக்கிறது.

மருந்தா. வியாழக்கிழமையா. முடியா.
வெயிலா.
பேரேட்டின் மேல் பேனா நின்றது:
இதில் எவ்வளவு கழிப்பது?

ஆறுக்கும் நாலுக்கும் நடுவே
இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள்.
முகம் தெரியவில்லை.
டாக்டரம்மாவுக்கும் தெரியாதாம்.

மறுநாள் சர்க்கரை குறைத்துப் போட்டு
மாத்திரையோடு வைத்தேன்.
மாத்திரையை விழுங்கினான், பார்த்தேன்.
டீயைக் குடித்தானா தெரியாது.
இலை லாரி ஹாரன் அடித்துவிட்டது.